ஒடிந்த கிளட்ச் லிவரும் ஒன்றரை மாத அலைச்சலும்

போன ஐப்பசி மழையில், வேலை செய்யும் இடத்து வாசலில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த என் ஸ்பிளெண்டர் பிளஸ், ஈர மண்ணில் ஸ்டாண்டு புதைந்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. 2008 மாடல் வண்டி. சாயங்காலம் தூக்கி நிறுத்திப் பார்த்தால் கிளட்ச் லிவர் பாதியில் ஒடிந்திருந்தது. லிவரைத் தாங்கும் யோக்கில், கண்ணாடி முறுக்கும் இடத்தில் ஒரு விரிசல். இடது கண்ணாடி, முன் இண்டிகேட்டர் லென்ஸ், சைடு கவரின் இரண்டு முளைகள் எல்லாம் போயிருந்தன. கியர் லிவர் உள்பக்கம் வளைந்திருந்தது. பெட்ரோல் டேப்பில் லேசாகக் கசிவு. பெரிதாக எதுவும் இல்லையே என்று நிம்மதிப்பட்டேன். அந்தச் சின்னச் சாமான்கள்தான் அடுத்த ஒன்றரை மாதத்தில் 2,925 ரூபாயையும் மூன்று அரைநாள் சம்பளத்தையும் தின்றன. சரியாக வாங்கியிருந்தால் 760 ரூபாயில் முடிந்திருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டபோது வயிறு எரிந்தது. யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்ததால்தான் இதை எழுதுகிறேன். இங்கே வரும் விலைகள் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

முதலில் சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். யோக், லிவர், கேபிள், கண்ணாடி ஜோடி, முழு இண்டிகேட்டர், சைடு கவர், கியர் லிவர், பெட்ரோல் டேப் என எல்லாவற்றையும் புதிதாகப் போட, கூலியோடு 3,400 ரூபாய் எஸ்டிமேட். இரண்டு சாமான் ஸ்டாக்கில் இல்லை, வர வாரக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வந்தது தவறில்லை, ஆனால் வருவதற்கு முன் அந்த எஸ்டிமேட் தாளில் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே இருந்த பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளாமல் வந்ததுதான் என் முதல் பிழை. அந்த நம்பர் கையில் இருந்திருந்தால் பின்னால் நடந்தவற்றில் முக்கால்வாசி நடந்திருக்காது. இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு: எனக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள், நோ க்ளெய்ம் போனஸும் போகும். இந்த அளவு செலவுக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

தெரு முனை மெக்கானிக் லிவரும் யோக்கும் சேர்ந்த லோக்கல் செட் ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கி, 100 ரூபாய் கூலியில் மாட்டினார். அரை மணியில் வண்டி ஓடியது. பதினோராம் நாள் காலை பாலத்து ஏற்றத்தில் கிளட்ச் கேபிள் அறுந்தது. மினி லாரியில் ஏற்றிவர 500, அவசரத்துக்கு வாங்கிய கேபிள் 90, அன்றைய அரைநாள் சம்பளம். கேபிள் பழசு, அதான் என்றார் மெக்கானிக். அந்தப் புதுக் கேபிளும் மூன்று வாரத்தில் நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்தபோதுதான் கோளாறு கேபிளில் இல்லை என்று உறைத்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேபிள் மட்டும் மாற்றி மாற்றி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். கேபிளின் லிவர் பக்க நுனியில் சின்ன உருளையாக ஒரு உலோகக் குண்டு இருக்கும், நிப்பிள் என்பார்கள். லிவரை இழுக்கும்போது அந்த நிப்பிள் தன் குழிக்குள் திரும்ப வேண்டும். குழி இறுக்கமாகவோ பிசிறோடோ இருந்தால் நிப்பிள் திரும்பாது. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பி அதன் கழுத்தில் மடங்கி மடங்கி நிமிரும். ஊர்ப் போக்குவரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இழையாக அறுந்து கடைசியில் மொத்தமும் போகும். என் லோக்கல் லிவரில் குழியின் ஓரம் கூராக இருந்தது. அதோடு லிவர் சுழலும் போல்ட்டின் ஓட்டை பெரிதாக இருந்ததால் லிவர் மேலும் கீழும் ஆடியது, கம்பி நேராக இழுபடவில்லை. எனவே எந்த லிவர் வாங்கினாலும் கடையிலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். பழைய நிப்பிளைக் கையோடு கொண்டுபோய்க் குழியில் போட்டு விரலால் திருப்பிப் பாருங்கள், தடையில்லாமல் திரும்ப வேண்டும். போல்ட்டை ஓட்டையில் விட்டு ஆட்டிப் பாருங்கள், சுழலலாம், ஆடக் கூடாது. இன்னொன்று அளவு. சுழலும் ஓட்டையின் மையத்திலிருந்து நிப்பிள் குழியின் மையம் வரை உள்ள தூரம் பழைய லிவரில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும். அது குறைந்தால் லிவர் மென்மையாக இருக்கும், ஆனால் கேபிள் போதுமான அளவு இழுபடாது, கிளட்ச் முழுசாக விடாது, நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும். கூடினால் கை வலிக்கும்.

மாட்டும்போது நிப்பிளுக்கும் போல்ட்டுக்கும் கொஞ்சம் கிரீஸ். போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கினால் யோக்கின் காதுகள் நெருங்கி லிவர் பிடித்துக்கொள்ளும்; லிவர் தானாகத் திரும்பும் அளவுக்கு முறுக்கி, அடியில் உள்ள நட்டால் பூட்ட வேண்டும். கடைசியில் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆடும் இடைவெளி வையுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும், அது சின்னச் செலவு இல்லை.

நல்ல யோக் தேடி எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தேன். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, புதுச் சாமானுக்குப் பக்கத்திலேயே ஜி.பி. ரோடு. சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது. ஒடிந்த பழைய யோக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன நான், "ஸ்பிளெண்டர் யோக் இருக்கா பாய்?" என்று கேட்டேன். குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தம்பி" என்று 150 ரூபாய்க்குக் கொடுத்தார். பாதி உண்மைதான். ஹேண்டில் பாரின் குழாய் நம் ஊர்ப் பைக்குகளில் பெரும்பாலும் 22 மி.மீ.தான் என்பதால் எந்த யோக்கும் பாரில் உட்கார்ந்துவிடும். ஆனால் லிவர் உட்காரும் பிளவின் அகலம் வண்டிக்கு வண்டி மாறும். எனக்கு வந்ததில் கிட்டத்தட்ட 2 மி.மீ. அகலம் கூடுதல், லிவர் கடகடவென்று ஆடியது. அந்த 150 ரூபாயும், டிக்கெட், சாப்பாடு என 80 ரூபாயும், ஒரு அரைநாளும் வீண்.

அடுத்த முறை ஒடிந்த யோக், ஒடிந்த லிவர், ஒரு கண்ணாடித் தண்டு, மி.மீ. கணக்கில் அளவு பார்க்க 300 ரூபாய் பிளாஸ்டிக் வெர்னியர் எல்லாம் பையில். (வெர்னியர் செலவை மேலே கணக்கில் சேர்க்கவில்லை, அது இன்றுவரை வீட்டில் உழைக்கிறது.) அதே தெருவில் வேறு கடையில் ஒரிஜினல் யோக் 200 ரூபாய்க்குக் கிடைத்தது. அலுமினிய வார்ப்பு என்பதால் பழசு வாங்கும்போது கண்ணாடி முறுக்கும் கழுத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கீழே விழுந்த வண்டிகளில் முதலில் போவது அந்த இடம்தான். கையோடு கொண்டுபோன கண்ணாடித் தண்டை முறுக்கிப் பார்த்தால் மரை நன்றாக இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் அந்த மரை 10 மி.மீ. தடிமன், இழைக்கு இழை 1.25 மி.மீ. இடைவெளி. யமஹா வண்டிகள் பலவற்றில் வலது கண்ணாடிக்கு மட்டும் இடஞ்சுழி மரை வரும். அது தெரியாமல் பலத்தைப் போட்டு முறுக்கினால் மரை கழன்று யோக்கே வீணாகும்.

பழைய சாமான் கடையில் எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்பதில் எனக்கு இப்போது தயக்கமில்லை. யோக், ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்டு, கிக்கர், கியர் லிவர், ஒரிஜினல் சைடு கவர் போன்றவை பழசாக இருந்தாலும் புது லோக்கலைவிட நன்றாக உழைக்கும். கேபிள், ரப்பர், ஆயில் சீல், பேரிங், பிரேக் ஷூ இவற்றைப் பழசாக வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. முன் பிரேக் லிவரும் பிரேக் கேபிளும் லோக்கலாகக் கூட வேண்டாம். அங்கே மிச்சம் பிடிக்கும் 50 ரூபாய்க்கு உயிரை ஈடு வைக்க முடியாது. நம்பர் பொறித்த எஞ்சின் பாகம், சேஸ் துண்டு எதையும் பேப்பர் இல்லாமல் தொடாதீர்கள். திருட்டு வண்டியினுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

லிவருக்கும் கேபிளுக்கும் இந்தத் தடவை பார்ட் நம்பரோடு ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். நம்பர் கண்டுபிடிப்பது நினைத்த அளவு கஷ்டமில்லை. வண்டி மாடலின் பார்ட்ஸ் கேட்டலாக் இணையத்தில் கிடைக்கும். எஞ்சின், ஹேண்டில், சக்கரம் என்று பிரித்துப் படம் வரைந்து ஒவ்வொரு நட்டுக்கும் எண் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் எண் ஐந்து, மூன்று, மூன்று எழுத்துகளாகப் பிரியும். முதல் ஐந்தும் அது என்ன சாமான் என்று சொல்லும்: 53178 இடக்கை லிவர், 53175 வலக்கை லிவர், 22870 கிளட்ச் கேபிள், 17910 ஆக்ஸிலேட்டர் கேபிள், 44830 மீட்டர் கேபிள், 88220 இடது கண்ணாடி, 88210 வலது. நடுவில் வரும் மூன்றும் அந்தச் சாமான் எந்த மாடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்பதற்கான குறி. மிச்சம் திருத்தத்தையும் நிறத்தையும் குறிக்கும். 2010 கடைசியில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிய முடிவெடுத்து 2011இல் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் என்று மாறினாலும் எண் முறை அப்படியே தொடர்கிறது, அதனால் பழைய ஹீரோ ஹோண்டா கேட்டலாக் இன்றும் உதவும். யமஹாவில் மாடல் குறி முன்னால் வரும், சாமானின் எண் நடுவில். ஹீரோ ஹோண்டா எண்ணின் நடு மூன்று எழுத்தைக் கவனித்தால் ஒரு நல்ல விஷயம் புரியும். ஸ்பிளெண்டர், பேஷன், சி.டி. டீலக்ஸ் மூன்றுக்கும் பல சாமான்கள் ஒன்றே. உங்கள் மாடல் பெயரில் "ஸ்டாக் இல்லை" என்று சொல்லும் அதே கடையில் இன்னொரு மாடலின் பெயரில் அதே நம்பர் தொங்கிக்கொண்டிருக்கும்.

நம்பரைச் சொன்னதும் கடைக்காரரின் பேச்சே மாறியது. கம்பெனி லிவர் 95 ரூபாய், வாகனக் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் தயாரிப்பாளரின் கேபிள் 160. இந்த இரண்டாவது வகைதான் நடுத்தரமான நல்ல வழி. வண்டிக் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. கேபிளுக்குச் சுப்ரஜித், விளக்குக்கு லூமாக்ஸ், ஃபீம், ஸ்விட்சுக்கும் ஹாரனுக்கும் மிண்டா, மீட்டருக்குக் கோவை பிரிக்கால், செயின் செட்டுக்கு அதே கோவையின் ரோலான், பேரிங்குக்கு எஸ்.கே.எஃப்., என்.பி.சி. என்று வெளியில் செய்து வாங்குகிறார்கள். அந்தத் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலும் கடைகளுக்கு விற்கிறார்கள். எனவே "ஒரிஜினலா, லோக்கலா?" என்று மட்டும் கேட்காமல் "யார் செய்தது?" என்று கேளுங்கள். கம்பெனி கவர் என்றால் அச்சு, ஹோலோகிராம், பார்ட் நம்பர், தயாரித்த மாதம் எல்லாம் பாருங்கள். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இண்டிகேட்டரில் நான் ஏமாந்தது முழுக்க அவசரத்தால். உடைந்தது லென்ஸ் மட்டும். அது 30 ரூபாய்க்குத் தனியாகக் கிடைக்கும் என்று தெரியாமல் 190 கொடுத்து முழு விளக்கை மாற்றினேன். கண்ணாடியும் அப்படித்தான், ஒன்று 120க்குக் கிடைக்க, ஜோடியாக 240க்கு வாங்கினேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. கியர் லிவருக்கு மட்டும் செலவே இல்லை. இரும்பு என்பதால் நிமிர்த்தலாம், ஆனால் வண்டியில் இருக்கும்போது சுத்தியலால் அடிக்காதீர்கள், உள்ளே போகும் தண்டு வளைந்து சீலில் ஆயில் கசியும். எந்தப் பல்லில் மாட்டியிருக்கிறது என்று புள்ளி வைத்து, பிடிக்கும் போல்ட்டை முழுசாக உருவிக் கழற்றி, வைஸில் வைத்து நிமிர்த்த வேண்டும்.

பெட்ரோல் டேப்தான் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம். கசிகிறது என்றதும் முழு டேப்பையும் மாற்ற வேண்டும் என்று 380 ரூபாயைக் கறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பழைய டேப்பின் கிண்ணத்தைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த ஓ-ரிங் உப்பி, ஓரிடத்தில் கிள்ளுப்பட்டிருந்தது. அது 15 ரூபாய். ஓ-ரிங்கை வாங்க இரண்டு அளவு போதும், உள் விட்டமும் ரப்பரின் தடிமனும். ஆனால் பெட்ரோலில் ஊறிய ரப்பர் உப்பியிருக்கும், அதை அளந்து வாங்கினால் புதியது பெரிதாக வந்து உட்காராது. ஒரு நாள் வெளியே காயவைத்து அளக்க வேண்டும், அல்லது அது உட்காரும் பள்ளத்தை அளக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ரிங் இங்கே ஆகாது. "பெட்ரோலுக்கு" என்று சொல்லி நைட்ரைல் ரப்பர் கேளுங்கள்; விட்டான் என்னும் ரப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வண்டியின் ரப்பர்கள் அதைத் தாங்குவது கஷ்டம். ஆயில் சீலும் பேரிங்கும் இதைவிட எளிது, எண் அதன் மேலேயே இருக்கும். சீலில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் அச்சாகியிருக்கும். பேரிங்கில் 6301 என்று இருந்தால் அதே வரிசையில் 12, 37, 12 மி.மீ.; 6202 என்றால் 15, 35, 11. இரண்டு பக்கமும் ரப்பர் மூடியது வேண்டுமென்றால் எண்ணின் பின்னால் 2ஆர்எஸ் என்று பார்த்து வாங்க வேண்டும். எந்த வண்டிக்கு என்று சொல்லவே தேவையில்லை, பேரிங் கடையில் எண் போதும்.

நட்டு போல்ட்டுகளும் அப்படியே. 95701-06020 என்று கேட்டலாக்கில் இருந்தால் 6 மி.மீ. தடிமன், 20 மி.மீ. நீளமுள்ள சாதாரண ஃபிளேஞ்ச் போல்ட்தான், அதாவது தலையோடு வாஷர் சேர்ந்த போல்ட். நட்டு போல்ட் கடையில் தலையில் 8.8 என்று உறுதித் தரம் பொறித்ததைச் சில ரூபாய்க்கு வாங்கலாம். நீளத்தை மட்டும் மாற்றாதீர்கள். அலுமினியத்தில் போல்ட் தன் தடிமனைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கியிருக்க வேண்டும். குட்டையாகப் போட்டால் மரை பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்துவிட்டாலும் எஞ்சின் மூடியையே மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையை இறக்கிக் கொடுப்பார்கள், அது முதலில் இருந்ததைவிட உறுதியாகவே நிற்கும்.

சைடு கவரில் ஆன்லைனில் 420 ரூபாய் போனது. படத்தில் ஒன்று, வந்தது வேறு வருட மாடல், திருப்பி எடுக்கவில்லை. ஆன்லைனில் வாங்குவதென்றால் படத்தைப் பார்க்காமல் பார்ட் நம்பரைத் தட்டித் தேடுங்கள், விற்பவர் நம்பரைப் போடவில்லையென்றால் வாங்காதீர்கள். கடைசியில் பழைய கவரையே 60 ரூபாயில் சரிசெய்தேன். கவர் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பது உள்பக்கம் ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ பொறித்திருக்கும். ஏபிஎஸ் என்றால் வாய்ப்பு உண்டு. பிபி எந்தப் பசையிலும் சரியாக ஒட்டாது, சூடு வைத்து உருக்கித்தான் இணைக்க வேண்டும். என்னுடையது ஏபிஎஸ். உடைந்த வேறு ஏபிஎஸ் துண்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு ஊறவிட்டால் தேன் பதத்தில் கூழ் வரும். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி நின்று செய்யுங்கள். ஒடிந்த முளையை அந்தக் கூழால் ஒட்டி, அடியைச் சுற்றி இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, பூசி இரண்டு நாள் தொடாமல் விட்டேன். முளை ஒடிந்ததற்குக் காரணம் அது உட்காரும் ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. புது வளையம் போடாமல் மாட்டினால் அடுத்த தடவை கழற்றும்போது மறுபடி ஒடியும். போடும் முன் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள்.

புதுக் கிளட்ச் கேபிள் போட்டபோது அதன் பக்கத்திலேயே இன்னொரு புதுக் கேபிளையும் அதே வழியில் இழுத்து, இரண்டு நுனிகளிலும் பிளாஸ்டிக் கவர் சுற்றி டேப் ஒட்டிக் கட்டிவைத்திருக்கிறேன். ரோட்டில் அறுந்தால் டேங்க் கழற்ற வேண்டாம். மேல் நுனி லிவரில், கீழ் நுனி எஞ்சினில் உள்ள கிளட்ச் கையில், 12 நம்பர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் பத்து நிமிட வேலை.